இரண்டு அங்குலத்தில் என் நாத்தனார்

என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுபவர், வேலை பார்க்கும் ஃபோட்டோ லேபில் அவருக்கு 'ஓரம் அக்கா' என்று பெயர். பென் டிரைவை நீட்டும் யாரையும் அவர் லேசில் விடமாட்டார். மானிட்டரைத் திருப்பிக் காட்டி, "பத்துக்கு எட்டுன்னா ரெண்டு இன்ச் போயிடும். யாரை விடலாம், சொல்லுங்க" என்பார். கேமராவில் எடுத்த படம் நீளம், பத்துக்கு எட்டுத் தாள் குட்டை. பன்னிரண்டுக்கு எட்டில் போட்டால்தான் முழுசாக வரும். மெஷினை அதன் போக்கில் விட்டால் அதற்குத் தாய் தெரியாது, பிள்ளை தெரியாது. ஓரத்தில் நிற்பவரைக் கழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒருமுறை ஒருவர், "அந்த ஓரத்துல நிக்கிறவர் போனா போகட்டும்மா, எங்க ஆஃபீஸ் டிரைவர்தான்" என்றாராம். அண்ணி எழுந்தே விட்டார். "அவரும் சட்டையை அயர்ன் பண்ணிட்டுத்தானே சார் வந்து நிக்கிறாரு?" டிரைவரோடு சேர்த்துத்தான் படம் வெளியே வந்தது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முதலாளி கண்ணாடி அறையிலிருந்து முறைப்பார். இருபத்திரண்டு வருடமாக அண்ணி கண்டுகொண்டதில்லை.

அப்பேர்ப்பட்டவருடன் பிறந்த தம்பிதான் என் வீட்டுக்காரர். போன வருடம் ஒரு பிரிண்டரை வாங்கி வந்து மேஜையில் வைத்தார். "லேபுக்கு எதுக்கு அலையணும்? பட்டனைத் தட்டினா வீட்லயே வருது பாரு." வந்தது. முகமெல்லாம் நீலம் பாரித்து, நெற்றி முழுக்கக் கோடு கோடாக வந்தது. அண்ணி பார்த்துவிட்டு, "இங்க் வர்ற ஹெட்டை க்ளீன் பண்ணுடா" என்று மட்டும் சொன்னார். அக்காவுக்குப் பொறாமை என்று இவர் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்.

இதற்கிடையே என் மாமனாருக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் இருந்த பதினோரு நாளும் லீவு போட்டுக் கூடவே கிடந்தவர் அண்ணிதான். குடும்பப் படம் ஒன்றைக் கண்ணெதிரே மாட்டி, தினமும் ஒவ்வொருவராகக் காட்டிப் பேர் சொல்ல வையுங்கள் என்றார் டாக்டர். வீடு திரும்பிய அன்றே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படம் எடுத்தோம். நடுவில் மாமனார். இந்தப் பக்கம் நான், அடுத்து இவர். அந்தப் பக்கம் என் பிள்ளை. அண்ணி எங்களையெல்லாம் நெருக்கி நிறுத்திவிட்டு, கடைசியில் போய் நின்று பிள்ளையின் தோளில் கையை வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை பிரிண்ட் போட்டுக் கொண்டாறேன்" என்றார்.

ஞாயிறு வரை இவருக்குப் பொறுக்குமா? மறுநாளே வீட்டில் அடித்து, இருந்த ஒரு சட்டத்துக்குள் திணித்துச் சுவரில் மாட்டிவிட்டார். அண்ணிக்கும் அந்த ஞாயிறு வர வாய்க்கவில்லை. எடுத்த லீவுக்கு ஈடாக அடுத்தடுத்து மூன்று ஞாயிறும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார் முதலாளி. அந்த மூன்று வாரமும் காலையில் பாடம் நடந்தது. "இது நான். இது உங்க மருமக. இது உங்க பேரன்." மாமனார் சமர்த்தாகத் திருப்பிச் சொன்னார். ஒருநாள், "இந்தக் கை யாருது?" என்று கேட்டார். "அது ஒண்ணுமில்லப்பா" என்றார் இவர். சமையலறையில் இருந்த என் காதிலும் விழத்தான் செய்தது. அந்தப் படத்தைத் தினமும் துடைத்தவள் நான். என் கண் அவிந்தா போயிருந்தது? அந்தக் கோபம் எனக்கு என்மீதே உண்டு.

நான்காவது ஞாயிறு அண்ணி வந்தார். மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மா நீ?"

"உங்க பொண்ணுப்பா."

அவர் சுவரைக் காட்டினார். "எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் அதுல இருக்காங்க. நீ இல்லையே."

அண்ணி சட்டத்தின் கிட்டே போய் அதன் ஓரத்தை மட்டும் பார்த்தார்.

"உங்க அக்கா எங்க?" என்று இவர்மேல் பாய்ந்தேன்.

"சட்டம் பத்துக்கு எட்டு. பத்தல. ரெண்டு இன்ச்தானே வெட்டினேன்?"

"வெட்டின துண்டு எங்க?"

இவர் கண் மேஜைப் பக்கம் போனதைப் பார்த்தேன். அந்தப் பிரிண்டர் ஒரு பக்கமாக ஆடும். அதன் அடியில் நாலாய் மடித்த தாள் ஒன்று செருகியிருந்தது. இழுத்துப் பிரித்தேன். அண்ணி. மூக்கின் மேல் மடிப்பு. கூடப் பிறந்தவளை மூன்று வாரமாகப் பிரிண்டருக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார் மனிதர்! இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் வெட்டியிருந்தால் இவர் தோளும்தான் பாதி போயிருக்கும். அது மட்டும் கத்தரிக்கோலுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

ஆத்திரத்தில் அண்ணியையும் விடவில்லை. "ஓரம் போயிடும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நீங்க எதுக்கு அண்ணி ஓரத்துல போய் நின்னீங்க?"

"நான்தானே பிரிண்ட் போடப்போறேன்னு நெனச்சேன்" என்றார்.

மறுநாள் பென் டிரைவோடு நானே லேபுக்குப் போனேன். "பத்துக்கு எட்டே போடுங்க. யாரை விடலாம்னு நான் சொல்றேன்" என்று இவர் நின்ற ஓரத்தைத் தொட்டுக் காட்டினேன். அண்ணி சிரித்துவிட்டார். "வேணாம். அப்புறம் அப்பா அவனைத் தேடுவாரு." ஒவ்வொரு முகமாக நிறத்தைச் சரிபார்த்தார், தம்பி முகத்தையும் விடாமல். பன்னிரண்டுக்கு எட்டில் எல்லாரும் எங்கள் நிறத்திலேயே வந்தோம்.

அன்று சாயங்காலமே பெரிய சட்டம் வாங்கிப் புதுப் படத்தை மாட்டினோம். மாமனார் விரலை வைத்து மகன், மருமகள், பேரன் என்று தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் விரல் நின்றது.

"இது யாரு புதுசா? அன்னிக்கு இல்லையே?"

"இருந்தேன்பா. இந்தக் கை யாருதுன்னு கேட்டீங்களாமே. என்னுதுதான்."

அவர் படத்தில் இருந்த கையைப் பார்த்தார். அண்ணியின் கையைப் பார்த்தார். "அப்படியா?" என்றார். பிறகு, வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல், "உக்காரும்மா" என்றார்.

இப்போது அண்ணி தினமும் வேலை முடிந்து நேரே இங்கேதான் வருகிறார். பாடத்தை அந்த ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறார். சில நாள் மாமனாருக்குப் பேர் வருகிறது, பல நாள் வருவதில்லை. பிரிண்டர் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அடியில் ஒரு துண்டு அட்டையாவது வையேன் என்கிறார் இவர். நான் வைக்கமாட்டேன்.