பிரஷருக்குப் பேரம்

எங்கள் அப்பா பரவை மார்க்கெட்டில் வெங்காய வியாபாரி. எந்த விலையையும் முதல் தடவையிலேயே ஒத்துக்கொண்டு பழக்கமில்லாதவர். தன் ரத்த அழுத்தத்தையும் அப்படியே நடத்தினார்.

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த மாதம் அது. பயந்துபோன அம்மா, அப்பாவையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பிரஷர் எகிறியிருந்தது. "ஒரு வாரம் வீட்ல பாத்து எழுதிட்டு வாங்க. மாத்திரை வேணுமான்னு அப்புறம் சொல்றேன்" என்றார் டாக்டர். அளவெடுக்கும் மெஷினும் ஒரு நோட்டும் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் பொறுப்பில் வந்தன. அதிகாரம் கைக்கு வந்தால் யார்தான் விடுவார்கள்?

டாக்டர் சொன்னதை எல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே டீ கிடையாது. நாற்காலியில் சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில். மெஷினின் பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. முக்கியமாக, பேசக் கூடாது.

அப்பாவோ பட்டை கையை இறுக்கும்போதே போனில், "அம்புட்டு விலைக்குக் கட்டாதுண்ணே" என்பார். போனைப் பிடுங்கி என் ஸ்கூல் பைக்குள் போட்டேன்.

எண் கூடுதலாக வந்தால், "இன்னொருக்கா அமுக்கு" என்பார். பிறகு இன்னும் ஒருமுறை. மூன்றில் எது குறைச்சலோ அதில் விலையை முடித்துவிடுவார்.

"இத எழுதுத்தா. மத்தத விடு."

"மூணையும்தான் எழுதுவேன்."

"அப்பனுக்காகக்கூட மாட்டியா?"

மாட்டேன். ஏழு நாளும் வந்ததை வந்தபடியே எழுதினேன். கெஞ்சிப் பார்த்தார், பரோட்டா வாங்கித் தருவதாகச் சொன்னார், கடைசி நாள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அன்றைய மூன்று எண்களையும் எழுதினேன்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "இம்புட்டு ஒழுங்கா யாரும் எழுதிட்டு வந்ததில்ல" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஜெயித்த திமிரோடு அப்பாவைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் மாத்திரையை விழுங்கியதும், யாரும் கூப்பிடாமலே நாற்காலியில் போய் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினார்.

"இப்பப் பாருத்தா. குறைஞ்சிருக்கும்."

"அதுக்குள்ளயா? மொதல்ல அஞ்சு நிமிசம் ஆகட்டும்ப்பா."

ஒரு வார்த்தை பேசவில்லை. போன் இரண்டு தடவை அடித்தும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவழியாக அப்பா என் கண்டிப்புக்கு அடங்கிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. பயந்துபோன மனிதரும் அப்படித்தான் அசையாமல் உட்கார்ந்திருப்பார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.