நடு லாச்சி

ஞானம்பிகைக்கு நாற்பத்திரண்டு வயது. பிழைக்க வந்த அந்நிய ஊரில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருந்த தச்சுப் பட்டறையைத் துப்புரவு செய்வது அவளுடைய வேலை. 1994 முழுவதும் மரச்சீவல்களைக் கூட்டினாள். கூட்டியபடியே பார்த்தாள். எந்தச் சீவல் சுருண்டு விழுகிறது, எது தூளாகிறது, அப்போது சீவுளி எந்தப் பக்கம் போகிறது.

பட்டறைக்காரன் சல்வத்தோரே அவளைவிடப் பத்து வயது இளையவன். அவனுடைய வேலையாள் ஜெர்மனிக்குப் போனதும் அந்த இடத்தைக் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. இழுத்துத் திறக்கும் மூன்று லாச்சிகள் உள்ள பழைய அலுமாரியைக் காட்டினான். நடு லாச்சி உளுத்துப் போயிருந்தது.

"புதிதாக ஒன்று செய்யுங்கள், சிஞ்ஞோரா. வெள்ளிக்கிழமைக்குள். சரியாக உட்கார்ந்தால் இடம் உங்களுக்கு. இல்லாவிட்டால் துடைப்பம்தான்."

வேலைமேசை கிட்டத்தட்ட அவள் நெஞ்சளவு உயரம். எட்டி எட்டித் தள்ளினாள். சீவுளி துள்ளியது, மரம் பிய்ந்தது. செவ்வாய் ஒரு பலகை வீண். புதன் இன்னொன்று.

புதன் பின்னேரம் கணவன் தவராசா கேட்டான்.

"ஏனப்பா, உமக்குக் கூட்டுற தும்புத்தடி காணாதே?"

"நீங்கள் மொண்டெல்லோக் கடற்கரை ஹோட்டலிலை கோப்பையைக் கழுவுங்கோ. நான் லாச்சி செய்யிறன்."

"செய்யும், செய்யும். எனக்குச் சம்பல் எப்ப வரும்?"

அவள் தேங்காய்த் திருவலையைப் போட்டுக் குந்தினாள். அதன் பலகையை ஒரு கால் அமத்திக்கொண்டது. தேங்காய்மேல் உடம்பு சாய்ந்தது. இரண்டு தரம் திருவியதும் கை நின்றது.

"என்ன, தேங்காய் பழுதே?"

"இல்லை. தேங்காய் நல்லாத்தான் இருக்கு."

வியாழன் காலை பலகையைத் தரையில் வைத்தாள். ஒரு முனையைச் சுவரில் முட்டக் கொடுத்து, மறுமுனையைக் காலால் அமத்திச் சீவினாள். உடம்பின் பாரம் முழுவதும் சீவுளியில் இறங்கியது. முழுப் பலகை நீளத்துக்கும் ஒரே சீவல், அறாமல் சுருண்டு வந்தது.

"தரையிலா? இது என்ன, சமையலறையா?" என்றான் சல்வத்தோரே.

"நாளைக்குப் பாருங்கள்."

வெள்ளிக்கிழமை அவன் புது லாச்சியை ஒரு விரலால் தள்ளினான். அது உள்ளே போனது. மயிரிழை இடுக்கும் இல்லை; உள்ளே அடைபட்ட காற்று வேறு வழி தேடியது. மேல் லாச்சி தானாக வெளியே வந்தது. அவன் மேல் லாச்சியைத் தள்ளினான். நடு லாச்சி வந்தது. மறுபடி தள்ளினான். ஐந்தாறு தரம், வாயைத் திறந்தபடி.

"எனக்கே ஒரு தரம்தான் இப்படி வந்தது," என்றான்.

பிறகு தரையைப் பார்த்தான். கணுக்கால் அளவுக்குச் சீவல்.

"இதை யார் கூட்டுவது?"

"இன்றைக்கு நீங்கள்," என்றாள் ஞானம்பிகை.

அவன் துடைப்பத்தைத் தேடினான். அது எங்கே இருக்கிறதென்று அவள்தான் சொல்லவேண்டி இருந்தது.