குதிரைக் கட்டத்தில் குதிரை

வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் வாடை, பெட்ரோலும் பீடியும் கலந்து, இன்றைக்கும் எங்கிருந்தாவது மூக்கில் ஏறினால் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். மயிலாப்பூர் மாடவீதி முனையில், எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த ஆட்டோ ஸ்டாண்டில், சவாரி இல்லாத மதியங்களில் டிரைவர்கள் ஒரு வண்டியின் பின்சீட்டில் அட்டையை விரித்து 'செஸ்ஸு' ஆடுவார்கள். ஆடுகிறவர்கள் இரண்டு பேர் என்றால், வெளியிலிருந்து தலையை நுழைத்து யோசனை சொல்கிறவர்கள் ஆறு பேர். "யானைய இறக்கு நைனா, இன்னா பாத்துக்கினு கீற!" என்ற சத்தம் எங்கள் ஹால் வரைக்கும் கேட்கும்.

அந்த ஸ்டாண்டில் மணி அண்ணனின் ஆட்டோவில்தான் நாங்கள் நாலு பெண்கள் பள்ளிக்கூடம் போய்வந்தோம். நாங்கள் பின்னால், என் வகுப்பிலேயே படித்த அவர் மகள் தேவி முன்னால், அப்பாவின் சீட்டு விளிம்பில். நீயும் பின்னால் வாடி என்று ஒரு நாள்கூட நாங்கள் அவளைக் கூப்பிட்டதில்லை. கூப்பிடலாம் என்று தோன்றியதுகூட இல்லை.

என் அப்பா ஆடிட்டர். எந்த வீட்டுக் குழந்தை எப்படி செஸ் ஆடும் என்பதற்கு அவரிடம் தயாராக ஒரு பட்டியல் உண்டு. "வக்கீலாத்துப் பசங்க அவசரப்படுவா. டாக்டராத்துப் பசங்க பயந்துண்டே ஆடுவா. கணக்குப் போடறவா ஆத்துல பொறந்ததுதான் கடைசி வரைக்கும் நிக்கும்" என்பார். தேவி நன்றாக ஆடுகிறாள் என்று நான் ஒரு தடவை சொன்னபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "சூட்டிகையா இருப்பா. சூட்டிகை வேற, மூளை வேற" என்றார். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். நம்புவதற்குச் சுகமாகவும் இருந்தது.

ஏழாம் வகுப்பில் கோயம்புத்தூர் செஸ் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்புவதாக இருந்தது. போகிறவளை நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் சேர்த்துவிடுவதாக பி.டி. மிஸ் சொல்லியிருந்தார். எனக்கு ஏற்கெனவே செஸ் வாத்தியார் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார். தேவிக்கு அந்த ஒரு வழிதான். பள்ளிக்குள் நடந்த தேர்வு ஆட்டங்களில் அவள் மற்றவர்களையெல்லாம் பதினைந்து, இருபது நகர்த்தல்களில் ஊதித் தள்ளிவிட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றாள். எதிரே நான்.

அதற்கு முந்தின நாள் மிஸ் என்னைக் கூப்பிட்டு, "அவ ஸ்டாண்டுல கத்துக்கிட்டவ. அங்க சில சட்டம் வேற மாதிரி. உனக்கு ரெண்டும் தெரியும், எல்லாத்தையும் அவளுக்குச் சொல்லிக்குடு" என்றார். மதிய இடைவேளையில் பாதாம் மரத்தடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போகலாம் என்பது, ராஜாவுக்குக் கோட்டை கட்டுவது எல்லாவற்றையும் அவள் 'டக்'கென்று பிடித்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது ஒன்று. ஸ்டாண்டில், சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த இடத்துக்கு உரிய காயாகத்தான் மாறும். குதிரைக் கட்டத்தில் குதிரை, யானைக் கட்டத்தில் யானை. போட்டியில் அப்படியில்லை, எந்தக் கட்டமானாலும் ராணியைக் கேட்டு வாங்கலாம்.

அதற்குள் மணி அடித்துவிட்டது என்று எழுத எனக்கு ரொம்ப ஆசை. மணி அடிக்கவில்லை. பத்து நிமிடம் பாக்கி இருந்தது. "அவ்ளோதானா?" என்று கேட்டாள். "அவ்ளோதான்" என்றேன்.

இறுதி ஆட்டத்தில் காய்களெல்லாம் வெட்டுப்பட்டு, கடைசியில் இரண்டு பேரிடமும் ராஜாவும் ஒரு சிப்பாயும்தான் மிஞ்சின. அவளுடைய சிப்பாய் முதலில் போய்ச் சேர்ந்தது, குதிரைக் கட்டத்தில். என் சிப்பாய்க்கு இன்னும் இரண்டு கட்டம் இருந்தது. அவள் ராணியை எடுத்திருந்தால் நான் அங்கேயே காலி. அவளோ, வெட்டுப்பட்ட காய்களில் துழாவிக் குதிரையை எடுத்து வைத்துவிட்டு, சந்தோஷமாக என்னைப் பார்த்தாள். அந்தக் குதிரையால் என் சிப்பாயைத் தடுக்க முடியவில்லை. அது ராணிக் கட்டத்தில் போய் ராணியானதால் அவளுக்கு அதிலும் சந்தேகம் வரவில்லை. நான் ஜெயித்தேன்.

மிஸ் ஓடிவந்தார். "ஏண்டி குதிரையை எடுத்தே? ராணி கேட்டிருக்கலாமே!"

"குதிரைக் கட்டத்துல குதிரைதானே மிஸ்?"

மிஸ் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லலையா?"

"சொன்னேன் மிஸ்" என்றேன். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

"இல்ல மிஸ், இவ சொல்லவேயில்ல!" என்று தேவி கத்தினாள். அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டுவிட்டது. எங்களைக் கூட்டிப்போக வந்து, வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்த மணி அண்ணன் உள்ளே வந்து மகளின் தோளைப் பிடித்தார். "பொய் சொல்லாத கண்ணு. அந்தப் பாப்பா எதுக்கு மறைக்கப்போவுது? நீ மறந்திருப்ப" என்றார். பிறகு மிஸ்ஸிடம், "எம்மேலதான் தப்பு மேடம். நாங்க அப்டித்தான் ஆடிக்கினு கீறோம், அதையே இதுக்கும் சொல்லிக்குடுத்துட்டேன்" என்று கை கூப்பினார். அவர் கை கூப்பியபோதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அன்றும் அதே ஆட்டோவில்தான் வீட்டுக்குப் போனோம். நான் பின்னால், அவள் முன்னால். அதற்கப்புறம் அவள் அட்டையைத் தொடவில்லை, என்னிடம் பேசவுமில்லை. நான் கோயம்புத்தூர் போய் எல்லா ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பினேன். "அந்த ஊர்த் தண்ணி குழந்தைக்கு ஒத்துக்கலை" என்று அப்பா சொன்னார். தேவி தோற்றதற்கு மட்டும் அவர் தண்ணீரைத் தேடவில்லை.

இப்போது அந்த ஸ்டாண்ட் இல்லை. மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்திருக்கிறார்கள். கால்வாய் ஓரத்தில் மணி அண்ணன் வீடு இருந்த வரிசையை எப்போதோ காலி செய்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று, எனக்குத் தெரிந்த டிரைவர்களிடமெல்லாம் விசாரித்துவிட்டேன். "மணியா? எந்த மணி மேடம்?" என்கிறார்கள். சவாரி இல்லாத நேரத்தில் அவரவர் கையில் அவரவர் போன்.

போன மாதம் ஆழ்வார்பேட்டையில் என் வீட்டுக்கு வந்திருந்த அப்பா, செஸ் வகுப்பில் சேர்ந்திருக்கும் என் பையனுக்கு அந்தப் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆட்டோக்காரன் பொண்ணு, கடைசி நேரத்துல கோட்டை விட்டா. உங்கம்மா நின்னா. ஏன்னா அது வளர்ப்பு." என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவு வருடம் அடக்கி வைத்திருந்ததை இருவர் முன்னாலும் சொல்லிவிட்டேன், மரத்தடி, பாக்கி இருந்த பத்து நிமிடம், சொன்ன பொய், எல்லாவற்றையும்.

 அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "பன்னெண்டு வயசுலயே எதிராளிக்கு எது தெரியாதுன்னு பாத்துண்டு அடிச்சிருக்கா பாருடா! இதுக்குப் பேருதான் மூளை!"

என் பையன் என்னைப் பெருமையாகப் பார்த்தான்.