மேனேஜர் மூலமாகப் போன கடிதம்

ஒரு கடிதத்துக்கு முப்பது நாளில் பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அதைக் காப்பாற்றியே ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது மைசூரில் வீட்டுக்கு வீடு கேபிள் வந்துவிட்டது. இன்று பக்கத்து வீட்டு டிவியில் குதிரைக் குளம்பொலியும் கிதாரும் கேட்டன. எனக்கு மிச்சமிருந்த மதியத் தூக்கமும் போனது.

பத்து வயதில் அக்காவோடு தேவராஜ மொஹல்லா தியேட்டரில் பார்த்த அதே அமெரிக்க கௌபாய் நடிகன். குதிரைமேல் உட்கார்ந்து பாடுவான். அக்கா அர்த்தம் தெரியாமலே அந்தப் பாட்டை முனகிக்கொண்டு துணி உலர்த்துவாள். அவன் கையெழுத்துப் போட்ட படம் ஒன்று அவளுக்கு வேண்டும்.

அப்பா தலைமை எழுத்தர். அந்தப் படம் கேட்டு, கார்பன் தாள் வைத்து விண்ணப்பத்தை மூன்று பிரதி எடுத்தார்.

"தியேட்டர் மேனேஜர் மூலமாத்தான் போகணும்மா. நேரா எழுதினா மதிக்க மாட்டான்."

"குதிரைக்காரனுக்கு எதுக்குப்பா மேனேஜர்?"

"எல்லாருக்கும் மேலே ஒருத்தன் இருப்பான்."

மாதம் தவறாமல் நான் நினைவூட்டலைக் கொண்டுபோனேன். "இன்னொண்ணா, மாராயா?" என்று மேனேஜர் கன்னடம் கலந்து சலித்துக்கொண்டே வாங்குவார். அதற்குள் அக்காவுக்குக் கொள்ளேகாலில் கல்யாணம் நிச்சயமானது.

"டேய், படம் வந்தா நீயே வெச்சுக்கோ. அந்த வீட்டுக்கு அனுப்பிடாதே" என்றாள்.

படம் வந்தது. முறைப்படி விண்ணப்பித்திருந்ததால், குதிரைக்காரன் மேனேஜர் பெயரை எழுதித்தான் கையெழுத்துப் போட்டிருந்தான். அவர் அதைத் தம் அறைச் சுவரில் மாட்டிக்கொண்டார். அது, அக்கா கொள்ளேகால் பஸ் ஏறிய மறுநாள்.