கோழி இல்லாதவர்கள் போட்ட பதில்கள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம் கோழிப்பண்ணைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. அன்றன்று எடுத்த முட்டை, போட்ட தீவனம், கொடுத்த மருந்து, செத்த கோழி எல்லாவற்றையும் அதில் பதிவு செய்யலாம். கம்ப்யூட்டரில் ஓடும் பழையது ஒன்று, போனில் ஓடும் புதியது ஒன்று. புதியதை எழுதியவள் நான்.

2. பழையதை நிறுத்திவிடலாமா என்று எங்கள் முதலாளி யோசித்தார். யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரித்துச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

3. பதினோரு கேள்விகளுடன் இணையத்தில் ஒரு படிவம் தயாரித்தேன். எல்லாருடைய போனிலும் திறக்கிறதா என்று பார்க்க, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். திறந்தது. வீட்டார் நிரப்பியதை அழித்துவிட்டு, அதே இணைப்பை வாடிக்கையாளர் குழுவில் போட்டேன்.

4. ஒரே வாரத்தில் பதில்கள் குவிந்தன. பெரும்பாலானவர்கள் போன்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

5. அதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். தை பிறந்ததும் பழையதை நிறுத்துவது என்று முடிவானது.

6. கார்த்திகையில், பரமத்தி வேலூர் பக்கம் ஒரு பண்ணைக்குப் பிரிண்டர் சரிசெய்யப் போனேன்.

7. என் அறிக்கை தவறு என்று அங்கே தெரிந்தது.

இனி ஆறாவதிலிருந்து கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தப் பண்ணையின் அலுவலகம் தீவனக் கிடங்கை ஒட்டிய ஒரே அறை. கம்ப்யூட்டரில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஷெட்டிலிருந்தும் மேற்பார்வையாளர் எழுதி அனுப்பும் நோட்டை இடது கையால் புரட்டிக்கொண்டே, வலது கையால் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார். கண் நோட்டை விட்டு எழவே இல்லை. ஒரு பக்கம் முடிந்ததும் ஒரு விசை, அடுத்த ஷெட். நான் பிரிண்டரின் மூடியைக் கழற்றுவதற்குள் இரண்டு ஷெட் முடித்துவிட்டார். எங்கள் மென்பொருளை இவ்வளவு வேகமாக ஒருவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் எவராலும் முடியாது.

பிரிண்டர் ஓடத் தொடங்கியதும் டீ கொடுத்தார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு, தை மாசத்திலிருந்து எல்லாம் போனில்தானாமே, நிஜமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் போனில் என் செயலியை ஏற்றி ஒரு நாள் முயன்று பார்த்ததாகச் சொன்னார். ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டு, மேலே தள்ளி, கீழே தள்ளி, வழக்கமாகப் பதினொன்றுக்கு முடியும் வேலை இரண்டு மணிக்கு முடிந்ததாம்.

அதில் என்ன நஷ்டம் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் விளக்கினார். இங்கே பதினொன்றுக்கு முடித்துவிட்டு, பஸ் பிடித்து நாமக்கல் சாலையில் இன்னொரு பண்ணைக்குப் போகிறார். மதியம் முழுக்க அங்கே இதே வேலை. இரண்டும் சேர்ந்துதான் குடும்பத்துக்கு ஆகிறது.

"ரெண்டுல ஒண்ண உடோணும் சாமி. எத உடறதுன்னுதான் ரோசனை பண்ணிட்டு இருக்கறேன்."

குறையாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று பேசுவது போலச் சொன்னார்.

அக்டோபரிலேயே கேள்விகள் அனுப்பினோமே, இதையெல்லாம் அதில் எழுதியிருக்கலாமே என்றேன். என்ன கேள்வி என்று கேட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர் உள்ளே பார்த்துப் பதில் சொன்னார்: அது தன் போனுக்குத்தான் வந்ததாகவும், தானே நிரப்பி அனுப்பிவிட்டதாகவும். என்ன போட்டீர்கள் என்றதற்கு, போன் நன்றாக இருக்கிறது என்று போட்டாராம். கரூரில் இருந்தாலும் அன்றைய முட்டை எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடுகிறதே.

"நீங்க கம்ப்யூட்டர்ல உக்காருவீங்களாங்க?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கும்மா உக்கார்றேன்? அதுக்குத்தான அவங்க இருக்கறாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. "நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்" என்று கேட்டிருந்தேன். அவர் பயன்படுத்துவதைச் சொன்னார். வாடிக்கையாளர் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் பண்ணைக்காரர்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர்களின் எண் எங்களிடம் இருந்ததே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், வந்த பதில்கள் முழுவதையும் மடியில் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். அறிக்கை எழுதியபோது நான் பார்த்தது வட்ட வரைபடத்தை மட்டும்தான். போனுக்கு உரிய நிறம் வட்டத்தை ஏறக்குறைய நிரப்பியிருந்தது. நான் எழுதிய செயலி. அதற்கு மேல் பார்க்க எனக்கு ஆசையில்லை என்பதுதான் உண்மை. இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

"எத்தனை ஷெட்" என்ற கேள்விக்கு நிறையப் பேர் ஒன்று என்று போட்டிருந்தார்கள். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் ஒற்றை ஷெட்டை வைத்துக்கொண்டு யாரும் மென்பொருள் வாங்குவதில்லை. "பண்ணை இருக்கும் ஊர்" என்ற இடத்தில் ராய்ப்பூர் என்று இருந்தது. வாரங்கல் இருந்தது. மொத்தப் பதில்கள் எங்கள் வாடிக்கையாளர்களைவிட அதிகம். இதை மட்டும் முன்பே கவனித்திருந்தேன். ஒரு பண்ணைக்கு இரண்டு மூன்று பேர் நிரப்பியிருப்பார்கள், நல்ல வரவேற்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ராய்ப்பூர் என்றதும் எனக்கு மாமா ஞாபகம் வந்தது. அம்மாவின் தம்பி. திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறார். வண்டிகள் வருடம் முழுக்க வடக்கேதான் சுற்றும். குடும்பக் குழுவில் அவரும் இருக்கிறார். பஸ் நிலையத்தில் இறங்கி அவரைக் கூப்பிட்டேன்.

எடுத்த எடுப்பில், ஜெயித்தாயா என்று கேட்டார்.

எதில் என்றேன். அந்த ஓட்டில்தான் என்றார். நான் அனுப்பிய படிவத்தை அவர் ஏதோ போட்டி என்று முடிவு கட்டிவிட்டார். போனில் வருவது நம் பெண் செய்தது, கம்ப்யூட்டரில் இருப்பது வேறு யாரோ செய்தது. எதற்கு அதிகம் விழுகிறதோ அது நிற்கும். அதனால் குலதெய்வக் கோயில் குழுவில் இணைப்பைப் போட்டு, எல்லாரும் போனுக்கே போடச் சொல்லி எழுதியிருக்கிறார். ரிக்கில் இருக்கும் ஆட்களுக்கும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறார். அத்தையையும் போட வைத்தாராம். அத்தை இரண்டு தடவை போட்டாராம்.

"மாமா, அவங்ககிட்டக் கோழியே இல்லீங்களே."

"கோழி இல்லாட்டி என்ன சாமி, போன் இருக்குதுல்ல?"

சிரித்துவிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேன், முடியவில்லை. உனக்குக் கோபமா, இன்னும் நூறு பேரைப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லி வைத்தேன்.

கோயில் குழுவின் பதில்களை நீக்குவது எளிது. ஊரையும் ஷெட்டையும் வைத்து ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டேன். நீக்கிய பிறகும் வட்டம் அதிகம் மாறவில்லை. அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. மாமா சேர்த்த குப்பையைக் கழித்தாலும், மிஞ்சியவர்கள் எல்லாரும் கையில் போன் வைத்திருந்து, குழுவைப் பார்த்து, நேரம் இருந்து, விருப்பப்பட்டு நிரப்பியவர்கள். பதினொன்றுக்குள் ஆறு ஷெட் முடித்தாக வேண்டியவர்கள் அதில் ஒருவர்கூட இல்லை. விரும்புகிறவர்கள் வந்து சொல்லட்டும் என்று கதவைத் திறந்து வைத்தால், வருகிறவர்களைப் பற்றித்தான் தெரியும். எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் வராதவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கல்லூரியில் புள்ளியியல் தாளில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலை முதலாளியிடம் போய், என் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். காரணத்தைச் சொன்னேன், மாமாவையும் மறைக்கவில்லை. அவர் மேசைமேல் இருந்த அறிக்கையைப் புரட்டினார். தையில் நிறுத்துவதாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியாயிற்று என்றார். தெரியும் என்றேன். அந்த அக்கா ஒரு வேலையை விடப்போகிறார், அதற்குள் நாம் மாற்றிச் சொல்ல வேண்டும் என்றேன்.

"ஒரு அக்காளுக்காகவாம்மா?"

"ஒருத்தரா எல்லாருமான்னு நமக்கே தெரியாதுங்களே. தெரிஞ்சுக்கிட்டு நிறுத்தலாம்."

இரண்டு வாரம் கொடுத்தார். கிளம்பும்போது, உங்கள் மாமாவை நம் விற்பனை வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இந்த முறை குழுவில் படிவம் எதையும் போடவில்லை. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, பெரியது சிறியது பார்க்காமல், ஐந்துக்கு ஒன்றாகக் குறித்தேன். குறித்த பண்ணைகளைக் காலை வேளையில் தொலைபேசியில் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் உட்காருபவரிடம் போனைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். எடுக்காதவர்களைக் கழித்துவிடாமல் மூன்று முறை, நான்கு முறை முயன்றேன். கடைசிவரை எடுக்காதவர்களை நேரில் போய்ப் பார்த்தேன். எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பதை விட்டு, நேற்று முட்டைக் கணக்கை எதில், எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். நேற்று செய்ததைச் சொல்ல யாரும் யோசிப்பதில்லை.

பதிவு செய்வது ஏறக்குறைய எல்லாப் பண்ணையிலும் கம்ப்யூட்டரில்தான். போனில் பண்ணைக்காரர்கள் பார்க்கிறார்கள், அவ்வளவே. என் செயலியில் பாடுபட்டு எழுதிய பதிவுப் பக்கங்களை யாரும் தொடவில்லை. கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் போய்விட்டது.

இப்போதைய நிலை இது. பழைய மென்பொருளை நிறுத்தவில்லை. நிறுத்துவதில்லை என்று எல்லாப் பண்ணைகளுக்கும் எழுதிவிட்டோம். போன் செயலி பார்ப்பதற்கு மட்டும் என்று மாறியிருக்கிறது. கம்ப்யூட்டரில் உட்காருபவர்களின் எண்களைச் சேர்த்து வருகிறேன், பாதி கிடைத்திருக்கிறது. அந்த அக்கா இரண்டு பண்ணைகளிலும் வேலை பார்க்கிறார்.