ஜோடி மாறிய பேட்டரிகள்

நல்ல பேட்டரியை எப்படிப் பொறுக்குவது என்று சேதுபதி ஒருநாள் எனக்குக் காட்டினான். நான் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு லீவு நாள், துணியை ஊறப்போட்டுவிட்டு கட்டிலில் சாய்ந்திருந்தேன். அவன் கீழே பேப்பரை விரித்து, கட்டைவிரல் பருமனில் பேட்டரிகளைக் கொட்டி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டான். மேலுறை கிழிந்திருந்தால் ஆகாது. துருப் பிடித்தது, உப்பியது, நசுங்கியது எதுவும் ஆகாது. மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏற்றிச் சும்மா வைத்திருந்து, தானாக இறங்கிப்போனால் அதையும் கழித்துவிட வேண்டும். பெண் பார்க்கப் போனவன்கூட இவ்வளவு குறை சொல்ல மாட்டான்.

முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். ஐடிஐ படித்துவிட்டு வந்து, ஷார்ஜா தொழில்பேட்டையில் மின்சார பைக் ரிப்பேர் பார்த்தான். பைக்கின் பேட்டரிப் பெட்டி செத்துவிட்டது என்று முதலாளி தூக்கிப் போட்டால், உள்ளே இருக்கும் சின்னச் சின்ன பேட்டரிகளில் உயிரோடு இருப்பவற்றைப் பிரித்து எடுத்து வருவான். தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவனுடையது. நான் கம்பெனி பஸ் டிரைவர். ஆட்களை ஏற்றி இறக்கியே வாய் முரடாகிவிட்டவன். அவனோ அதிர்ந்து பேச மாட்டான்.

எங்கள் ரூமில் மணிகண்டன் என்று ஒருவன். அறந்தாங்கிக்காரன், சாரம் கட்டுகிற வேலை. சிகரெட்டை ஊதித் தள்ளுவான். ஊரில் அவனுடைய கைக்குழந்தைக்கு மூச்சிரைப்பு. வீட்டில் புகை வாடையே வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிகரெட்டை விட்டால்தான் லீவுக்கு வர வேண்டும் என்று மனைவி சங்கீதா வீடியோ காலில் அழுதது ரூமுக்கே கேட்டது. சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்க, கடையில் விற்கும் வேப் என்ற மின்சிகரெட் அவனுக்குக் கட்டுப்படியாகவில்லை.

"அண்ணே, நீங்களே ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணே. ஒங்களுக்குத் தெரியாத பேட்டரியா?" என்று சேதுபதியிடம் வந்து நின்றான்.

சேதுபதி செய்துகொடுத்தான். பழைய டார்ச் லைட் குழாய், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பேட்டரி, வாயில் வைத்து இழுக்கும் தலைப்பகுதி மட்டும் துபாய் தேராவில் வாங்கியது. சர்க்யூட் என்று உள்ளே ஒன்றும் கிடையாது. பட்டனை அமுக்கினால் மின்சாரம் நேரே, ஆவி கிளப்பும் கம்பிச்சுருளுக்குப் போகும். கொடுக்கும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"இது ரெண்டும் ஜோடிப்பா. ஒண்ணாவே போடணும், ஒண்ணாவே சார்ஜ் ஏத்தணும். தெம்பான ஒண்ணோட ஓஞ்சுபோன ஒண்ணப் போட்டுறாத. ஓஞ்சது சூடேறி வெடிச்சிரும்."

மணிகண்டன் சிகரெட்டை விட்டான். உண்மையாகவே விட்டுவிட்டான். அதைப் பார்த்து எங்கள் ரூம் அருள்ராஜ் கேட்டான், பக்கத்து ரூமிலும் கேட்டார்கள். எல்லோருக்கும் சேதுபதி செய்துகொடுத்தான். அங்கேதான் வினை பிடித்தது.

கேம்பில் ஒரு வழக்கம் உண்டு. சார்ஜ் போடும் பலகை ரூமுக்கு ஒன்று. அவசரத்துக்கு யாருடைய பவர் பேங்க் நிறைந்திருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, நம்முடைய காலியானதை அங்கே சொருகிவிட்டுப் போவோம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நானே இப்படி எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அதே மாதிரி, சார்ஜுக்குப் போட்ட இந்த பேட்டரிகளையும் கைக்கு வந்தபடி எடுக்க ஆரம்பித்தார்கள். சேதுபதி ஜோடிக்கு ஒரு கலர் டேப் சுற்றினான். மறுநாள் பார்த்தால் சிவப்பும் பச்சையும் ஒரே குழாய்க்குள் இருந்தன.

"எல்லாம் ஒரே மாதிரி பேட்டரிதானண்ணே," என்று அருள்ராஜ் சிரித்தான்.

சேதுபதி பயந்துபோய் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டான். ஒருவரும் கொடுக்கவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறான் பார் என்று பேச்சுதான் மிச்சம். "எங்கிட்டருந்து புடுங்கினா நான் திரும்ப சிகரெட்டுக்குத்தாண்ணே போவேன்," என்றான் மணிகண்டன். நான் போட்ட சத்தமும் எடுபடவில்லை.

அடுத்த வாரம், சைட்டில் மதிய இடைவேளை. நான் பஸ்ஸில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தேன். பட்டென்று ஒரு சத்தம், பிறகு அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால் நிழற்கூடாரத்தில் மணிகண்டன் வலது கையைப் பிடித்துக்கொண்டு புரள்கிறான். உள்ளங்கை வெந்து கிடந்தது. கிழிந்த குழாய்க்குள் சிவப்பு டேப் ஒன்று, பச்சை டேப் ஒன்று. காலையில் அவசரத்தில் பலகையிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் போட்டிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது, போன் வெடித்துவிட்டது என்றான். வீட்டுக்கும் அதையேதான் சொன்னான். சேதுபதியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. சாரம் கட்டுகிறவனுக்கு வலது கையில் விரல் போனால் பிறகு என்ன இருக்கிறது?

"நான் போய் உண்மையச் சொல்லிடுறேன்," என்று சேதுபதி கிளம்பினான். நான்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். சொன்னால் விரல் திரும்பி வருமா? பொய் சொன்னதற்கு அவனையும், செய்துகொடுத்ததற்கு இவனையும் சேர்த்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். சரியென்று உட்கார்ந்தவன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாள் மாலை இருவரும் பார்க்கப் போனோம். மணிகண்டன் இடது கையில் போனை நீட்டிக்கொண்டு மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான். என் போனைத்தான் கொடுத்து வைத்திருந்தேன், அவனுடையது வெடித்துவிட்டதல்லவா! சேதுபதியைக் கண்டதும் அவன் பக்கம் திருப்பினான். திரையில் சங்கீதா, மடியில் குழந்தை.

"அண்ணே, அவரு சிகரெட்ட விட்டது ஒங்களாலதானாம். ஒங்கள நான் மறக்கவே மாட்டேண்ணே," என்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "இந்த எழவு போனுதான் கையக் கொண்டுபோயிருச்சு. இனிமே வாங்குனா நீங்க பாத்துத்தான் வாங்கிக் குடுக்கணும். பேட்டரி பாக்குறதுல ஒங்கள மாதிரி ஆளு கெடையாதுன்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

சேதுபதி வாயைத் திறந்தான். மணிகண்டன் படுத்தபடியே, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"நல்லதாப் பாத்துக் குடுப்பீங்கல்ல, அண்ணே?" என்று அவள் மறுபடியும் கேட்டாள்.

"பாத்து... வாங்கித் தர்றேம்மா," என்றான் சேதுபதி.