வெடிக்காத ராக்கெட்

போன ஞாயிற்றுக்கிழமை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பொட்டல் காட்டில் நாற்பது பேர் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். காரணம் நான்தான்.

எல்லாம் பிரவுசிங் சென்டரில் ஆரம்பித்தது. மெயில் பார்க்கப் போனவன், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் போட்டிருந்த பொம்மை ராக்கெட் பிளானைக் கண்டு மயங்கி, டவுன்லோடு செய்து, பதினாலு பக்கம் பிரின்ட் எடுத்து வந்துவிட்டேன். ராக்கெட்டாக மேலே போகும். உச்சியில் மோட்டார், அதாவது மருந்து அடைத்த குழாய், மட்டும் கழன்று விழும். மிச்சம் கிளைடராக மாறி, பருந்து மாதிரி வட்டமடித்து இறங்கும். ஆசை யாரை விட்டது?

ஒரு மாதம் எங்கள் டைனிங் டேபிள் முழுக்க பால்சா என்கிற லேசான கட்டை, பசை, உப்புத்தாள். நாங்கள் தரையில் சாப்பிட்டோம். என் மனைவி ஒரு நிபந்தனை போட்டார் — அவர் கண் முன்னால் அது முழுசாகத் தரையிறங்கினால் ஹாலில் டிவிக்கு மேலே மாட்டலாம். இல்லையென்றால் டேபிள் அவருக்கு. இந்த ஆசைக்குத் தலைமுழுக்கு.

மோட்டாருக்கு எங்கே போவது? 'பக்கத்து ஹாபி கடையில் வாங்கவும்' என்றது பிளான். விருதுநகரில் ஹாபி கடையா? ஆனால் நமக்குத்தான் தங்கப்பாண்டி இருக்கிறாரே... அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். அவர் கைபட்ட ராக்கெட் பொய்த்ததே இல்லை என்று பெயர். பிளானை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மேல போயி எப்ப வெடிக்கும் அண்ணாச்சி?”

“வெடிக்காது.”

சர்க்கரை போடாத பாயசத்தைக் குடித்தவர் மாதிரி முகம் போனது. இருந்தாலும் நட்புக்காக ஒத்துக்கொண்டார். ஞாயிறு லீவு என்பதால், கூட வேலை பார்ப்பவர்களையும் வேனில் ஏற்றி வந்துவிட்டார்.

முதல் தடவை விட்டோம். சர்ரென்று போனது. மோட்டார் கழன்றது. என் கிளைடர்... மூன்று வட்டம் அடித்து, பூப்போல இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கென்ன வெட்கம்?

எல்லோரும் இன்னும் காதைப் பொத்திக்கொண்டுதான் நின்றார்கள். கடைசியில் ஒரு அம்மா கையை எடுத்துவிட்டு, தங்கப்பாண்டியிடம் பரிவாகக் கேட்டார்: “என்னண்ணே, சரக்கு நமுத்துப் போச்சா?”

ஒரே சிரிப்பு. தங்கப்பாண்டி தலைகுனிந்தார். அதைவிடக் கொடுமை — என் மனைவி வேனுக்குள் புளியோதரைப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார். எதையும் பார்க்கவில்லை. பார்க்காததைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

சரி, இன்னொரு தடவை. இம்முறை மோட்டாரைத் தானே மாட்டுவதாகச் சொல்லி, தங்கப்பாண்டி கிளைடரை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். வரும்போது முகத்தில் ஒரு தெளிவு. நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மேலே போனது. உச்சியைத் தொட்டது. டமார்! பட்டப்பகலிலும் கண்ணைப் பறிக்கிற சிவப்பு, பச்சை, நடுவே ஒரு வெள்ளிப் பூ. ஒரு மாத உழைப்பு பொடிப்பொடியாக மிதந்து வந்தது. கூட்டம் கைதட்டியது, விசிலடித்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முன்யோசனையாக, வெடிக்கிற மாதிரி இன்னொரு மோட்டாரையும் செய்து எடுத்து வந்ததாக ஒத்துக்கொண்டார் தங்கப்பாண்டி. “கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. இம்புட்டுப் பேரு முன்னால நம்ம கையால விட்ட ராக்கெட்டு சும்மா எறங்கலாமா?”

தோற்றவன் தோற்றவன்தானே. மறுநாள் காலையில் டேபிளைக் காலி செய்தேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், டிவிக்கு மேலே முனை கருகிய ஒரு இறக்கைத் துண்டு தொங்குகிறது. மாட்டியது மனைவியேதான். அவர் சிவகாசியில் பிறந்தவர் என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன். இந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்படுகிறார்: “இவுக செஞ்சதுதான். என்னமா வெடிச்சுச்சு தெரியுமா?”

அதற்கு முன்னால் ஒரு தடவை பறந்ததே... அதைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.